அணுக்கருவின் சுற்றும் கணக்குக்கு அடங்கியதே!

சென்ற தை மாதம் ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் நாம் அணுவைப் பற்றிச் சிறிது நேரம் பேசினோம். பேசி முடிந்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நெசவுத் தோழர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேலிருக்கும், எழுந்து நின்று, “தோழரே, அணுவுக்குள்ளே ஒரு கரு இருக்கிறது, அது பம்பரம் போலச் சுற்றும் என்று சொன்னீர்களே, அதைச் சுற்றிவிடுவது யார்? அது எவ்வளவு வேகந்தான் சுற்றும்? அந்தச் சுற்றுக்கு ஒரு முடிவு உண்டா, இல்லையா?” என்று கேட்டார்.

நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவ்வூருக்கு விருந்தாளியாக வந்திருந்த படித்த கனவான் ஒருவர், “இதெல்லாம் இருபது வருஷம் கணக்குப் படித்தவனுக்கே விளங்காத சங்கதி. உனக்கு எதற்கப்பா இது? நீ போய்த் தறியைப் பார்” என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். கேட்ட தோழர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று நாம் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. ஏனென்றால், அவர் கேட்ட முதல் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியும், இரண்டாவதற்குப் பாதி தெரியும், மூன்றாவதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொள்ள நாம் வெட்கப்படுவதில்லை. ஆனால் அந்தத் தோழர் தலையைக் குனிந்து உட்கார்ந்தபோது நாம் சும்மா நின்றோமே, அதற்கு வெட்கப்படுகின்றோம். நாம் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாதவர் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. ஆனபோதிலும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களை அடிக்கடி தொந்தரவு செய்து, இந்த நாலு மாத காலத்தில் அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தேடினோம். தேடியதில் கண்டது என்னவென்றால், அந்தக் கனவான் சொன்னது சுத்தத் தவறு என்பதாகும். முடிவான பதில் அரையும் ஒன்றரையும் கூட்டத் தெரிந்த எவனுக்கும் விளங்கக்கூடியதாக இருக்கின்றது. அதைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

முதலில் கரு என்பது என்ன என்று பார்ப்போம். உலகத்திலுள்ள எல்லா வஸ்துக்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் மிகச் சிறிய, கனமான கரு ஒன்று உண்டென்று 1911-ல் ரூதர்போர்டு என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். கருவைக் கடுகளவாகப் பெருக்கிக் காட்டினால், அணு ஒரு நல்ல குளத்தின் அகலத்துக்குப் பெருத்து நிற்கும். அவ்வளவு சிறிய கருவுக்குள் புரோட்டான் என்றும் நியூட்ரான் என்றும் இரண்டு ஜாதித் துகள்கள் நெருங்கிக் கிடக்கின்றன. நியூட்ரானை 1932-ல் சாட்விக் என்பவர் கண்டார். கருவில் இவ்விரண்டைத் தவிர அதன் சுற்றுக்குக் கணக்குச் சொல்லவேண்டிய மூன்றாவது பேர்வழி எவனும் இல்லை. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, சுற்றிவிடுவது யார் என்ற கேள்வி. இதற்குப் பதில் ஒளிமறைவில்லாதது. ஒருவன் சும்மா நின்றுகொண்டிருக்கின்றான். மற்றொருவன் ஓடிவந்து, அவனுக்கு நேராக மார்பில் மோதாமல், சற்று ஒதுங்கி அவன் தோளைப் பிடித்துக் கட்டிக்கொள்ளுகின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பொழுது இருவரும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிற்பார்கள். கருவைச் சுற்றவைக்கும் வழியும் இதுவேதான். ஒரு கருவை யந்திரத்தின் மூலம் வேகமாக ஓடவிட்டு, நின்றுகொண்டிருக்கும் மற்றொரு கருவின் மேல் ஓரமாக மோதவிடுகின்றார்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கருவாகிச் சுழல ஆரம்பிக்கின்றன.

உதாரணமாக, 1986-ல் இங்கிலாந்தில் டேர்ஸ்பரி என்ற இடத்திலுள்ள ஆராய்ச்சிச் சாலையில், பீட்டர் ட்வின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 48 துகளுள்ள கால்சியம் கருவை 108 துகளுள்ள பல்லேடியம் கருவின் மேல் ஏவினார்கள். 48-ம் 108-ம் 156. அந்தச் சூட்டில் 4 நியூட்ரான்கள் ஆவி பறப்பதுபோல் பறந்துபோயின. மிச்சம் 152. அதற்கு டிஸ்ப்ரோசியம் என்று பெயர். அந்தக் கரு, அகலத்தைப்போல் இரண்டு பங்கு நீளமுள்ள ரூபத்தில், 60 யூனிட் வரையில் சுழற்சி பெற்றிருந்ததைக் கண்டார்கள். ஆகவே சுற்றிவிட்டது கால்சியம். அதை ஏவியது யந்திரம். யந்திரத்தை ஓட்டியது மனிதன். இதில் நான்காவதாக ஒருவனைத் தேடவேண்டிய அவசியம் எங்கே இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

நிற்க. கடுகுக்கும் சிறிதான, கண்ணுக்கே தெரியாத ஒன்று எத்தனை யூனிட் சுற்றியது என்று எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கவேண்டும். கேட்காமல் நம்பினால் நாம் எழுதுவதில் பிரயோஜனமே இல்லை. சுழலும் கரு தன் சுழற்சியைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வருகின்றது. ஆனால் வண்டிச் சக்கரம் ஓய்வதுபோல வழுக்கிக்கொண்டு ஓய்வதில்லை. படிக்கட்டில் இறங்குவதுபோல் படிப்படியாக இறங்குகின்றது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு யூனிட் சுழற்சி குறைகின்றது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் காமாக் கதிர் ஒன்றை வெளியே விடுகின்றது. ஜெர்மானியம் என்ற வஸ்துவால் செய்த கருவிகளைச் சுற்றிலும் வைத்து அக்கதிர்களைப் பிடித்து, ஒவ்வொன்றின் சக்தியையும் அளந்து, வரிசைப்படுத்தி எண்ணுகின்றார்கள். இருட்டில் மாடியிலிருந்து ஒருவன் இறங்கும்போது கீழே இருப்பவன் காலடிச் சத்தத்தை எண்ணி எத்தனை படி என்று சொல்லவில்லையா? அதுபோலத்தான் இதுவும். நம் நாட்டிலும் இத்தகைய கருவித் தொகுதி ஒன்று இருக்கின்றது. அதை மும்பை, டில்லி, கல்கத்தா ஆகிய ஊர்களிலுள்ள ஆராய்ச்சிச் சாலைகளில் மாறி மாறி வைத்து இந்த வேலையைச் செய்துவருகின்றார்கள்.

வேகத்தையும் அந்தக் கதிரின் சக்தியைக் கொண்டே கணக்கிடுகின்றார்கள். 1 போட்டு அதன் பக்கத்தில் 20 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ, ஏறத்தாழ அத்தனை சுற்று ஒரு செகண்டுக்கு என்ற வேகத்தில் இக்கருக்கள் சுழலுகின்றன. பூமி உண்டாகிச் சுமார் 450 கோடி வருஷம் ஆகின்றது. அது முதல் இதுவரையில் பூமி தன்னைத்தானே சுற்றிய சுற்றுக்களையெல்லாம், இந்த வேகத்தில் போனால், ஒரு செகண்டில் கோடியில் ஒரு பங்குக்குள் சுற்றித் தீர்த்துவிடலாம். ஆனால் கரு அவ்வளவு நேரங்கூட அந்த வேகத்தில் நிற்பதில்லை. அதற்குள் படியிறங்கி ஓய்ந்துவிடுகின்றது.

இப்பொழுது மூன்றாவது கேள்விக்கு வருவோம். இந்தச் சுற்றுக்கு முடிவு உண்டா? “அளவில்லாத வேகம்”, “முடிவில்லாத சுழற்சி” என்றெல்லாம் பேசுவது சுலபம். பேசுகிறவருக்கு அதில் ஒரு சௌகரியமும் உண்டு. அளவில்லை என்று சொல்லிவிட்டால் அளந்து காட்டு என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்லுவது வேறு. முடிவு உண்டு, அதுவும் இரண்டு விதமான முடிவு உண்டு.

முதல் விதம் யாரும் எதிர்பார்க்கக்கூடியது. ஒன்றை வேகமாகச் சுற்றினால் அது இழுபட்டு நீளும். இன்னும் சுற்றினால் பிய்ந்து போகும். சுழலும் திரவ உருண்டை இடுப்புப் பெருத்துச் சப்பையாகும் என்று 1742-ல் மெக்லாரின் என்பவரும், அதுவே மூன்று பக்கமும் மூன்று அளவாக நீண்டும் சுழலக்கூடும் என்று 1834-ல் ஜாக்கோபி என்பவரும் கணக்கால் காட்டினார்கள். அவர்கள் மனத்தில் கொண்டிருந்தது வானத்து உருண்டைகளை. அதே கணக்கின் வழியில், கருவையும் மின்சாரம் ஏறிய ஒரு திரவத்துளியாக வைத்துக்கொண்டு, 1974-ல் கோஹன், பிளாசில், ஸ்வியாடெக்கி என்ற மூவர் ஒரு முடிவு சொன்னார்கள். மிகவும் தாங்கக்கூடிய நடுத்தர எடைக் கருக்கள்கூட சுமார் 100 யூனிட் சுழற்சியில் இரண்டாகப் பிளந்துவிடும் என்பதே அது. ஆகவே கருவின் சுற்றுக்கு மேல் வரம்பு ஒன்று உண்டு என்பதில் சந்தேகமில்லை.

இரண்டாவது விதமான முடிவுதான் நம்மை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது. இதில் கரு பிளப்பதில்லை, வெடிப்பதில்லை. நூறு யூனிட்டுக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. 8 யூனிட்டிலோ, 46 யூனிட்டிலோ, “இதற்குமேல் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை” என்று சொல்லுவதுபோல் சுற்றுத் தீர்ந்துவிடுகின்றது. ஏன் தீருகின்றது?

கருவுக்கென்று தனியாக ஒரு சுற்றுக் கிடையாது. கருவிலுள்ள ஒவ்வொரு துகளும் தன் பாதையில் ஓடிக்கொண்டிருக்கின்றது. அந்த ஓட்டங்களின் கூட்டுத்தொகைதான் கருவின் சுழற்சி. சாதாரணமாகத் துகள்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஜோடியில் ஒன்று வலமாக ஓடினால் மற்றொன்று இடமாக ஓடும். ஒன்றின் வரவை மற்றொன்றின் செலவு சரிக்கட்டிவிடுவதால், ஓய்ந்து நிற்கும் இத்தகைய கருவின் பேரேட்டில் மொத்தம் பூஜ்யம். கருவைச் சுழலவிட்டால் இந்த ஜோடிகள் மெல்ல மெல்லத் திரும்புகின்றன. சில வேளைகளில் ஒரு ஜோடி திடீரென்று பிரிந்து, இரண்டு துகளும் ஒரே திசையில் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. 1971-ல் ஸ்டாக்ஹோமில் ஜான்சன், ரைட், ஸ்டார்கியர் என்பவர்கள் 160 துகளுள்ள டிஸ்ப்ரோசியம் கருவில் இப்படி ஒரு திடீர் மாறுதலைக் கண்டார்கள். அங்கே சுழற்சி யூனிட் ஏற ஏற, சுற்றும் வேகம் ஏறுவதற்குப் பதிலாகக் குறைந்தது! ஒரே ஒரு ஜோடி பிரிந்து பெருந்தொகையைக் கொடுத்துவிட்டதால், மற்றவை மெதுவாக ஓடினாலும் மொத்தம் சரியாகிவிட்டது என்று 1972-ல் ஸ்டீபன்ஸ், சைமன் என்ற இருவர் காரணம் சொன்னார்கள்.

அப்படியானால் ஒவ்வொரு துகளும் எவ்வளவு கொடுக்கும்? இங்கேதான் கணக்கு வருகின்றது. கருவைச் சத்திரமாக வைத்துக்கொள்ளுவோம். புரோட்டானுக்கு ஒரு சத்திரம். நியூட்ரானுக்குத் தனியாக ஒரு சத்திரம். சத்திரத்தில் பல அறைகள். ஒவ்வொரு அறையிலும் இத்தனை பாய் என்று கணக்கு. ஒரு பாய்க்கு ஒருவர்தான், இருவர் படுக்கக்கூடாது. இது 1925-ல் பௌலி என்பவர் கண்ட நியதி. ஒவ்வொரு பாய்க்கும் இவ்வளவு யூனிட் என்று ஓர் அளவு உண்டு. உதாரணமாக ஓர் அறையில் ஆறு பாய்கள் என்றால், வலப்புறம் சுற்றுகின்ற மூன்றுக்கு இரண்டரை, ஒன்றரை, அரை என்றும், இடப்புறம் சுற்றுகின்ற மூன்றுக்கு அதே அளவுகள் எதிர்க்கணக்காகவும் இருக்கும். அறை முழுவதும் நிரம்பிவிட்டால் வரவும் செலவும் சரி. அந்த அறை சுழற்சிக்கு ஒரு காசும் கொடுக்காது.

இப்பொழுது நியான் என்ற கருவை எடுத்துக்கொள்ளுவோம். அதில் 10 புரோட்டான், 10 நியூட்ரான், ஆக 20. இவற்றில் 8-ம் 8-ம் உள் அறைகளை நிரப்பி அடைத்துக்கொண்டிருக்கின்றன. வெளி அறையில் இருப்பவை 2 புரோட்டான், 2 நியூட்ரான் மட்டுமே. சுற்றுக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்கள் இந்த நாலு பேர்தான். முதல் புரோட்டான் இருப்பதிலேயே பெரிய பாயை எடுத்துக்கொண்டால் இரண்டரை. அந்தப் பாயில் இரண்டாவது புரோட்டானுக்கு இடமில்லை. ஆகவே அதற்கு அடுத்த பாய், ஒன்றரை. இரண்டும் சேர்ந்து நாலு. நியூட்ரான்களுக்கும் அதேபோல் நாலு. மொத்தம் எட்டு. இதற்குமேல் அந்த நாலு பேரிடம் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆராய்ச்சியில் கண்டதும் இதுவே. நியான் கருவின் படிகள் 0, 2, 4, 6, 8 என்று ஏறுகின்றன. எட்டில் அந்த ஏணி முடிகின்றது.

இன்னொரு ருசுவும் இருக்கின்றது. அசல் பம்பரமாயிருந்தால் ஒவ்வொரு படியும் முந்திய படியைவிட உயரமாயிருக்கவேண்டும். நியானில் முதல் மூன்று படிகளின் உயரம், பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை ஒன்றாக வைத்துக் கணக்கிட்டால், 1.63, 2.61, 4.53 என்று ஏறிக்கொண்டே போகின்றது. கடைசிப் படி மட்டும் 3.17 என்று இறங்கிவிடுகின்றது. இது முழு உடம்பும் சுற்றுகின்ற பம்பரம் அல்ல, நாலு பேர் சேர்ந்து போட்ட சீட்டு என்பதை அந்தக் கடைசிப் படியே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

நாலு பேர் கணக்குச் சின்னக் கணக்கு, பெரிய கருவில் இது நடக்குமா என்று கேட்கலாம். அதற்கு எர்பியம் என்ற கருவைப் பாருங்கள். 68 புரோட்டான், 90 நியூட்ரான்; ஆக 158. இதில் 64 புரோட்டானும் 82 நியூட்ரானும் உள்ளே நிரம்பி அடைத்துக்கொண்டவை. வெளியே மிச்சமிருப்பவை 4 புரோட்டான், 8 நியூட்ரான், பன்னிரண்டே பேர். வாசகர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு நம்மோடு கூட்டிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

நாலு புரோட்டான்களும் ஒரே அறையில். அந்த அறையின் பெரிய பாய் ஐந்தரை. ஆகவே ஐந்தரை, நாலரை, மூன்றரை, இரண்டரை. கூட்டினால் 16.

எட்டு நியூட்ரான்கள் மூன்று அறைகளில். முதல் அறையில் இருவர்: ஆறரை, ஐந்தரை; கூட்டினால் 12. இரண்டாவது அறையில் மூவர்: நாலரை, மூன்றரை, இரண்டரை, கூட்டினால் பத்தரை. மூன்றாவது அறையில் மூவர்: மூன்றரை, இரண்டரை, ஒன்றரை; கூட்டினால் ஏழரை. ஆக மொத்தம் 30.

பதினாறும் முப்பதும் நாற்பத்தாறு. 1980-களில் செய்த ஆராய்ச்சிகளில் இந்தக் கருவின் ஏணி வந்து முடிகின்ற இடமும் 46 யூனிட்டேதான்!

அந்த இடத்தில் கருவின் உருவமே மாறிவிடுகின்றது. ஆரம்பத்தில் முட்டைபோல் நீண்டிருந்து, குறுக்கு வாட்டத்தில் சுழன்றுகொண்டிருந்தது. ஜோடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்ப, வெளித்துகள்கள் எல்லாம் ஒரே திசையில் இடுப்பைச் சுற்றியே ஓடுவதால், இடுப்புப் பெருத்துப் பறங்கிக்காய்போல் ஆகிவிடுகின்றது. முட்டையைக் குறுக்கே திருப்பினால் திரும்பியது தெரியும். வழவழவென்ற பறங்கிக்காயைக் காம்பைப் பிடித்துத் திருப்பினால் திருப்பியதற்கு அடையாளம் ஏது? அடையாளமில்லாத திருப்பம் திருப்பமே அல்ல என்பது கருவுலகத்துச் சட்டம். ஆகவே எல்லோரும் முழுமூச்சாகக் கொடுத்த அந்த நிமிஷமே கூட்டுச் சுற்று ஓய்ந்துபோகின்றது. விஷயம் தெரிந்தவர்கள் நாம் இதை மிகவும் சுருக்கிச் சொல்லியிருப்பதாகக் குறை சொல்லக்கூடும். சொல்லட்டும். கூட்டல் சரியா தப்பா என்பதை மட்டும் அவர்களும் பார்க்கட்டும்.

இதற்குமேல் ஒரு யூனிட் வேண்டுமானாலும் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும் 146 பேரில் எவரையாவது பிடித்து வெளியே இழுக்கவேண்டும். அதற்குச் செலவு அதிகம். ஆகவே 46-தான் எர்பியத்தின் கடைசி என்று பலரும் நினைத்திருக்கக்கூடும். ஆனால் 2007-ல் அமெரிக்காவிலுள்ள காமாஸ்பியர் என்ற பெரிய கருவித் தொகுதியைக்கொண்டு ஆராய்ந்தவர்கள், இதே எர்பியத்திலும் அதற்கு ஒரு நியூட்ரான் குறைந்த தம்பியிலும், அந்த முடிவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போகின்ற புதிய ஏணிகளைக் கண்டார்கள். கரு வேறொரு நீண்ட ரூபத்தை எடுத்துக்கொண்டு சுமார் 65 யூனிட் வரையில் சுழலுகின்றது. ஆகவே 46 என்பது கருவின் முடிவு அல்ல. அந்தப் பன்னிரண்டு பேர் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டின் முடிவு. ஏற்பாட்டை மாற்றினால் எல்லையும் மாறும். ஆனால் புதிய எல்லைக்கும் ஒரு கணக்கு உண்டு. இதைச் சொன்னவர்கள் முன்னே சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று ஏசவுமில்லை. முன்னே சொன்னவர்கள் இவர்களைத் துரோகிகள் என்று விலக்கவுமில்லை. கதிர்களை எண்ணினார்கள், எண்ணியதை ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

இனி இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் இன்னொரு சங்கதியைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. எந்த அறையில் எத்தனை பாய், எந்த அறைக்கு அடுத்து எந்த அறை என்ற சத்திரத்துப் படத்தை வகுத்துக் கொடுத்தது யார்? 1949-ல் ஜெர்மனியில் ஜென்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு பக்கம். அதே வருஷத்தில் அமெரிக்காவில் தனியாக அதே முடிவுக்கு வந்தவர் மரியா கோப்பர்ட் மேயர் என்ற பெண்மணி. இவர் டாக்டர் பட்டம் பெற்றவர். அப்படியிருந்தும், கணவர் அதே கலாசாலையில் உத்தியோகம் பார்க்கின்றார், பெண்டாட்டிக்கும் அங்கே வேலை கொடுப்பது முறையல்ல என்ற சாக்குச் சொல்லி, பல வருஷ காலம் சம்பளமில்லாமலும் அரைகுறைச் சம்பளத்துக்கும் அவரை வேலை வாங்கினார்கள். முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது 1960-ல். மூன்று வருஷம் கழித்து, 1963-ல், நோபல் பரிசு கிடைத்தது. பௌதிகத்தில் அப்பரிசைப் பெற்ற பெண்களில் அவர் இரண்டாமவர். 1903-ல் பெற்ற மேரி கியூரி முதலாமவர். “உனக்கு எதற்கு இது” என்ற கேள்வி நம் கிராமத்து நெசவாளருக்கு மட்டும் போடப்பட்ட கேள்வி அல்ல. கருவின் அறைகளையே எண்ணிக் காட்டிய அம்மைக்கும் மேல்நாட்டிலேயே போடப்பட்டதுதான். அவர் அந்தப் பேச்சைக் கேட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால், மேலே நாம் கூட்டிய நாற்பத்தாறை எந்தப் பாயின்மேல் வைத்துக் கூட்டியிருப்போம்?

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன லாபம், அரிசி விலை குறையுமா என்று சிலர் கேட்கக்கூடும். குறையாது என்று நாமே ஒப்புக்கொள்ளுகின்றோம். எர்பியம் 46 யூனிட்டில் நின்றாலும் 65-ல் நின்றாலும் நம் வீட்டு அடுப்பு அதனால் எரியப்போவதில்லை. ஆனால் ஒன்று உண்டு. மேலே சொன்ன கூட்டலை ஒரு தரம் தன் கையால் போட்டுப் பார்த்தவன், அதற்குப் பிறகு “அளவில்லாதது”, “முடிவில்லாதது”, “உன் புத்திக்கு எட்டாதது” என்ற வார்த்தைகளைக் கேட்டவுடனே கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டான். எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு, மொத்தம் என்ன என்று கேட்பான். கருவின் சுற்றிலேயே கேட்கக் கற்றுக்கொண்டவன் ஊர்ச் சீட்டிலும், சங்கக் கணக்கிலும், பொதுப் பணத்திலும் கேட்காமல் இருப்பானா? முழுமை என்று ஒன்றைக் காட்டி அதற்கு உள்ளே இருப்பவர்களை மறக்கச் செய்வதுதான் எங்கும் நடக்கின்ற வித்தை. கருவோ, உள்ளே இருப்பவர்கள் கொடுத்ததற்குமேல் முழுமைக்கு ஒரு யூனிட்டுகூடக் கிடையாது என்று எண்ணிக் காட்டுகின்றது.

கஷ்டமான பகுதியே இதில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஏராளமாக இருக்கின்றது. கதிர்களைப் பிடிக்கக் கருவி வேண்டும். அறைகளைக் கண்டுபிடிக்க உயர்ந்த கணிதம் வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் படிக்கவும் வேண்டும். படித்தவர்களை நாம் மதிக்கின்றோம். ஆனால் ஆடையை நெய்வதற்குத்தான் தறியில் பழகவேண்டுமே தவிர, நெய்த ஆடை எத்தனை முழம் என்று அளந்து பார்ப்பதற்குப் பழகவேண்டியதில்லை. கண்டுபிடிப்பது சிலருக்குத்தான் முடியலாம். கண்டுபிடித்ததற்குக் காரணம் கேட்பது எல்லோருக்கும் உரியது. காரணத்தைக் கேட்டவனுக்கு அவன் பாஷையில் சொல்லத் தெரியவில்லையென்றால், அந்தக் குறை கேட்டவனுடையது அல்ல, சொல்லத் தெரியாதவனுடையது. அன்று அந்தக் கூட்டத்தில் குறை நம்முடையதாக இருந்தது.

வருகிற ஆடி மாதத்தில் அந்தக் கிராமத்துக்கு நம்மை மறுபடியும் கூப்பிட்டிருக்கின்றார்கள். இந்தத் தடவை பேச்சைக் குறைத்துக்கொண்டு, ஒரு கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் கேட்டு எழுதியிருக்கின்றோம். அந்த நெசவுத் தோழரையே முன்னுக்கு அழைத்து, ஐந்தரையிலிருந்து ஒன்றரை வரையில் அவர் கையாலேயே எழுதிக் கூட்டச் சொல்லப்போகின்றோம். நாற்பத்தாறு வருகின்றதா இல்லையா என்று ஊரார் பார்க்கட்டும். அந்தக் கனவானும் அன்று ஊரில் இருந்தால், வந்து பக்கத்தில் நின்று கூட்டலைச் சரிபார்க்க வேண்டுமென்று மரியாதையாகவே அழைக்கின்றோம்.